உப்பு விலையில் தெரியும் இருப்புப்பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் போடப்பட்ட இருப்புப்பாதைகள் இந்தியாவின் பொருளாதார வளர்ச்சிக்கு உதவினவா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் பாதைகளின் நீளத்தைக் காட்டி, ரயில் வந்ததால் நாடு வளர்ந்தது என்றார். மறுத்து எழுதியவர் 1876-78-இன் தாது வருஷப் பஞ்சத்தைக் காட்டி, ரயில் வந்ததால் நாடு நலிந்தது என்றார். மூன்றாமவர், பொருளியல் அறிஞர்கள் இதையெல்லாம் கணித மாதிரிகளில் போட்டுக் குழப்புகிறார்கள் என்றும், வரலாற்றைப் படித்தாலே போதும் என்றும் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த மூன்றாவது கடிதத்துக்கு விரிவாக விடை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ரயில் வந்தபின் என்ன நடந்தது என்பதை வரலாறு சொல்லும். ரயில் வராமலே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஏனெனில் அது நடக்கவில்லை. ஆனால், ரயிலால் வளர்ந்தோம் என்று சொல்பவரும் ரயிலால் நலிந்தோம் என்று சொல்பவரும், தாம் அறியாமலேயே, ரயில் இல்லாத ஓர் இந்தியாவை மனத்துக்குள் வரைந்துகொண்டு, அதனோடு நடந்ததை ஒப்பிட்டுத்தான் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள். அந்த இந்தியாவில் சரக்கு எப்படிப் போயிருக்கும், வேறு எதற்கு அந்தப் பணம் செலவாகியிருக்கும், நெல் விலை எந்த ஊரில் எப்படி இருந்திருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் வெளியே சொல்வதில்லை. பொருளியலில் மாதிரி என்று சொல்லப்படுவது, இப்படி மனத்துக்குள் மறைந்திருக்கும் படத்தைத் தாளில் எழுதி, அதில் எதை எதை உண்மை என்று வைத்துக்கொண்டோம் என்பதைப் பிறர் சோதிக்கும்படி வெளிப்படையாக வைக்கும் முயற்சியே.

இந்தக் கேள்வி பொருளியலுக்கும் புதிதன்று, நம் மண்ணுக்கும் புதிதன்று. கொள்ளிடத்திலும் பின்னர் கோதாவரியிலும் அணைகள் கட்டிய ஆர்தர் காட்டன், இருப்புப்பாதைகளில் கொட்டப்படும் பணத்தைப் பாசனக் கால்வாய்களிலும் படகு செல்லும் நீர்வழிகளிலும் செலவிட்டால் மக்களுக்கு அதைவிடப் பெரிய பயன் கிடைக்கும் என்று 1850-கள் முதல் விடாமல் வாதாடினார். பிற்காலத்தில் பொருளாதார வரலாறு எழுதிய ரொமேஷ் சந்தர் தத்தும் பாசனம் புறக்கணிக்கப்பட்டு ரயிலுக்கு முதலிடம் தரப்பட்டதைக் கண்டித்து எழுதினார். நடந்ததை நடக்காத மாற்றோடு ஒப்பிட வேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அந்த மாற்றின் அளவைக் கணக்கிடும் கருவி மட்டுமே அன்று இல்லை.

அந்தக் கருவியை அமெரிக்க இருப்புப்பாதைகளின்மேல் முதலில் வைத்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல். இருப்புப்பாதைதான் ஒரு நாட்டின் வளர்ச்சியை எழுப்பிவிடும் முன்னணித் துறை என்று பொருளியல் அறிஞர் வால்ட் ராஸ்டோ 1960-இல் எழுதியிருந்தார். 1964-இல் வெளிவந்த தம் நூலில் ஃபோகல் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்: 1890-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரயில் இல்லை என்று வைத்துக்கொண்டால், அதே கோதுமையையும் இறைச்சியையும் கால்வாய்ப் படகிலும் குதிரை வண்டியிலும் கொண்டுசெல்ல எவ்வளவு கூடுதலாகச் செலவாகியிருக்கும்? அவர் கணக்கில் வந்த விடை, தேசிய உற்பத்தியில் சில விழுக்காடுகள் மட்டுமே. அமெரிக்க வளர்ச்சிக்கு ரயில் இன்றியமையாதது என்ற நம்பிக்கை அந்தச் சிறிய எண்ணால் ஆட்டம் கண்டது. நடக்காத ஒன்றைக் கணக்கிடுவது வரலாறா என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சினந்தார்கள். 1993-இல் டக்ளஸ் நார்த்தோடு சேர்த்து ஃபோகலுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அமெரிக்காவுக்குக் கிடைத்த விடையை இந்தியாவுக்கு அப்படியே தூக்கிவர முடியாது என்பதில்தான் வரலாற்றின் பங்கு தொடங்குகிறது. அங்கே ரயிலுக்கு மாற்றாகப் பெரிய ஆறுகளும் கால்வாய்களும் இருந்தன. இங்கே கங்கைச் சமவெளியை விட்டுவிட்டால், தக்காணத்திலும் தெற்கிலும் ஆண்டு முழுவதும் படகு செல்லக்கூடிய ஆறு என்று சொல்ல அதிகம் இல்லை. மாட்டு வண்டியும் பொதிமாடும்தான் மாற்று. நாளொன்றுக்கு மாடு கடக்கும் தூரம் மிஞ்சிப்போனால் 30 கிலோமீட்டர். ரயிலோ ஒரு நாளில் 600 கிலோமீட்டர் வரை சரக்கைக் கொண்டுபோகும். மாதிரி ஒன்றாகவே இருந்தாலும், அதில் இடவேண்டிய எண்களை அந்தந்த மண்ணின் வரலாறுதான் தரமுடியும்.

இந்தியாவுக்கான கணக்கை அண்மைக் காலத்தில் மிக நுணுக்கமாகச் செய்தவர் டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியல் அறிஞர். 2018-இல் வெளிவந்த அவருடைய ஆய்வைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் வரலாறும் கோட்பாடும் மாதிரியும் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. 1870 முதல் 1930 வரையிலான அறுபது ஆண்டுகளுக்கு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டவாரியான விலைகள், விளைச்சல், மழையளவு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றை ஆவணங்களிலிருந்து அவர் திரட்டினார். அவருக்கு முதலில் வந்த சிக்கல், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சரக்கைக் கொண்டுசெல்ல உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை அறிவது. கட்டண அட்டவணை முழு உண்மையையும் சொல்லாது. வழியில் போன நாள்கள், நனைந்த மூட்டைகள், இடைத்தரகர் பங்கு எல்லாம் அதில் இரா. இரண்டு ஊர்களின் அரிசி விலையைக் கழித்துப் பார்த்தாலும் பயனில்லை. இரண்டு ஊரிலும் அரிசி விளையுமென்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரிசி போகாமலே இருந்திருக்கலாம்.

அவர் கண்டுபிடித்த வழி உப்பு. உப்பு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே எடுக்கப்பட்டது. வட இந்திய ஆவணங்களில் எந்த ஊரில் விற்கப்படும் உப்பு எந்த இடத்து உப்பு என்பது பெயரோடு பதிவாகியிருந்தது. ஆகவே எடுக்குமிடத்து விலைக்கும் விற்கப்படும் ஊரின் விலைக்கும் உள்ள வேறுபாடு, அந்த உப்பு அங்கே வந்து சேர்ந்த செலவு. ரயில் வந்தபின் அந்த வேறுபாடு எவ்வளவு சுருங்கியது என்பதைக் கொண்டு, ரயில் தூரத்தை எவ்வளவு சுருக்கியது என்று அவர் அளந்தார். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு காடும் மேடும் கடந்து உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்களில் படித்தவர்கள் நாம். தூரம் உப்பின் விலையில் ஏறும் என்ற செய்தி நமக்குப் பழையது. அதை அளவுகோலாக மாற்றலாம் என்பதே புதியது. வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை இன்றும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அளவுகோல் கிடைத்தால் போதாது. எதை அளப்பது என்பதைக் கோட்பாடு சொல்ல வேண்டும். ஆங்கிலப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் சொன்ன கருத்து எளியது: ஒவ்வோர் இடமும் தனக்கு ஒப்பீட்டளவில் எளிதாக வருவதை விளைவித்து, மற்றதை வாங்கிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். இதைப் பல மாவட்டங்களுக்கும் பல பயிர்களுக்கும் விரித்து எழுதினால், சோதித்துப் பார்க்கத்தக்க முடிவுகள் கிடைக்கின்றன. போக்குவரத்துச் செலவு குறைந்தால் வணிகம் பெருக வேண்டும்; மாவட்டத்தின் உண்மை வருமானம் உயர வேண்டும்; அந்த உயர்வு, ஒரு மாவட்டம் தான் நுகர்வதில் எவ்வளவு பங்கைத் தானே விளைவிக்கிறது என்ற ஒரே அளவின் மாற்றத்தில் ஏறக்குறைய முழுமையாகத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி முடிவை வெறும் வரலாற்று வாசிப்பால் எவரும் ஊகித்திருக்க முடியாது. ரயில் வந்த மாவட்டத்தில் வேளாண்மையின் உண்மை வருமானம் ஏறக்குறைய 16 விழுக்காடு உயர்ந்ததையும், அந்த உயர்வின் பெரும்பகுதியை மாதிரி சொன்ன அந்த அளவே விளக்கிவிடுவதையும் ஆவணங்களிலிருந்து அவர் காட்டினார்.

எப்படியும் வளரப்போகும் மாவட்டங்களைத் தேடித்தானே பாதை போட்டிருப்பார்கள், வளர்ச்சிக்கு ரயில் எப்படிக் காரணமாகும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் வரலாறே விடை தந்தது. திட்டமிடப்பட்டுப் பின்னர் போடப்படாமலே கைவிடப்பட்ட பாதைகளின் பட்டியல் ஆவணங்களில் இருந்தது. அந்த மாவட்டங்களிலும் வருமானம் அதேபோல உயர்ந்திருந்தால், உயர்வுக்கு ரயில் காரணமில்லை என்றாகியிருக்கும். அப்படி உயரவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, கட்டுரையாளர் சொன்னதுதான் சரி என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 16 விழுக்காடு என்பது ஒருமுறை ஏறிய ஒரு படி. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதைத்தான் வளர்ச்சி என்கிறோம். இந்த வேறுபாட்டை நமக்குக் கற்பித்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ. மூலதனத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் தரும் பயன் குறைந்துகொண்டே வரும். ஆகவே சேமிப்பும் முதலீடும் மட்டும் ஒரு நாட்டை என்றென்றும் வளர்த்துக்கொண்டிருக்க முடியாது என்று 1956-இல் அவர் மாதிரியாக எழுதினார். மறு ஆண்டில் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான எண்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரு மணிநேர உழைப்பின் உற்பத்தி இரு மடங்கானதில் எட்டில் ஒரு பங்குக்கு மட்டுமே மூலதனப் பெருக்கம் காரணமாக இருந்தது. மீதி எட்டில் ஏழு பங்கையும் அவர் தொழில்நுட்ப மாற்றம் என்ற பெயரில் அடைத்தார். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் மாதிரியில் இடமில்லை.

இந்தியாவின் கதையும் இங்கேதான் கசக்கிறது. 1930-க்குள் 67,000 கிலோமீட்டருக்கு மேல் இருப்புப்பாதை இருந்த நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விடுதலை வரை தனிநபர் வருமானம் ஏறக்குறைய அசையவே இல்லை. படி ஏறினோம், படிக்கட்டு கிடைக்கவில்லை. ஏன் என்பதற்கு, மாவட்டங்களுக்கிடையிலான வணிகத்தைப் பற்றிய டொனால்ட்சனின் மாதிரி விடை தராது. அது அதற்காகச் செய்யப்பட்டதன்று.

2025-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு, வளர்ச்சி எப்படித் தொடர்கிறது என்ற இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். பரிசில் ஒரு பாதியைப் பெற்ற ஜோயல் மோக்கியர் பொருளாதார வரலாற்றாசிரியர். மறுபாதியைப் பகிர்ந்துகொண்ட பிலிப் அகியோனும் பீட்டர் ஹோவிட்டும் 1992-இல், புதிய கண்டுபிடிப்பு பழைய நிறுவனத்தை வீழ்த்தி அதன் இடத்தைப் பிடிப்பதால் வளர்ச்சி தொடர்கிறது என்ற, முந்தைய தலைமுறைப் பொருளியல் அறிஞர் ஷும்பீட்டரின் கருத்தைக் கணித மாதிரியாக்கியவர்கள். வரலாறும் மாதிரியும் ஒரே பரிசைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதை, வரலாறே போதும் என்று எழுதிய நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோக்கியரின் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளை எப்படிச் செய்வது என்ற அறிவு எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் இருந்தது. அது ஏன் அப்படி அமைகிறது என்ற அறிவும் அதனோடு சேர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று திருத்தத் தொடங்கியபோதுதான் கண்டுபிடிப்புகள் நின்றுபோகாமல் தொடர்ந்தன. தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் உருக்கிய எஃகு உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் அந்தத் தொழிலின் பழமைக்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஆனால் இரும்பை எஃகாக்குவது அதில் கலக்கும் கரிமம் என்பதை உலகம் அறிந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பிய வேதியியலாளர்கள் வாயிலாக. நம் எஃகை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். கைத்திறனில் நாம் குறைந்தவர்களல்லர். அந்தத் திறனும் ஆராய்ச்சியும் சந்திக்கும் இடங்கள் இங்கே உருவாகவில்லை.

ரயில் அப்படியொரு சந்திப்பிடமாக ஆகியிருக்கலாம். அஜ்மீர் பணிமனையில் 1895-லேயே ஓர் எஞ்சின் கட்டப்பட்டது. ஆனாலும் விடுதலை வரை நம் எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து வந்தன; சித்தரஞ்சனில் நாமே தொடர்ச்சியாக எஞ்சின் கட்டத் தொடங்கியது 1950-இல். நமக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பின்னால், 1872-இல், முதல் ரயிலை ஓட்டிய ஜப்பான் தன் முதல் எஞ்சினை 1893-இல் கட்டியது. பின்னர் அந்தத் திறனை விட்டுவிடாமல் வளர்த்தது. பயணம் செய்வதாலோ சரக்கு ஏற்றுவதாலோ ஒரு நாடு எஞ்சின் கட்டக் கற்றுக்கொள்ளாது.

மறுத்து எழுதியவரின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இருப்புப்பாதை நிறுவனங்கள் போட்ட மூலதனத்துக்கு 5 விழுக்காடு வட்டி உறுதியளிக்கப்பட்டது. வருமானம் குறைந்தால் அந்தக் குறையை இந்திய மக்களின் வரிப்பணம் ஈடுகட்டியது. மாவட்ட வருமானம் எவ்வளவு உயர்ந்தது என்ற கணக்கில், இப்படி நாட்டின் செல்வம் வெளியே வடிந்தது தெரியாது. அதைக் கணக்கில் கொண்டுவர தாதாபாய் நௌரோஜி போன்றவர்களின் உழைப்பு வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை நம் மக்களை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்த மாவட்டங்களில் பஞ்சத்தின் கடுமையை ரயில் பொதுவாகத் தணித்தது என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. அதை நான் ஏற்கிறேன். ஆயினும் மாவட்டச் சராசரி என்பது கூலி வேலை அற்றுப்போன ஒருவரின் வயிற்றைக் காட்டாது. தானியம் இருக்கும் ஊரிலேயே வாங்கும் வழியின்றி மனிதர் சாக முடியும் என்பதை அமர்த்தியா சென் 1981-இல் கோட்பாடாக விளக்கினார். அதன்பிறகுதான் பழைய பஞ்ச ஆவணங்களில் தானிய விலையோடு கூலியையும் சேர்த்துத் தேடும் பழக்கம் வேரூன்றியது. எதைத் தேட வேண்டும் என்று ஒரு கோட்பாடு சொன்ன பிறகு அதே ஆவணம் வேறு விதமாகப் பேசுகிறது.

மாதிரியை நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். முதலீட்டையும் வளர்ச்சியையும் இணைத்துப் பொருளியல் அறிஞர்கள் ஹாராடும் டோமரும் எழுதிய சமன்பாட்டை ஆண்டுக்கணக்கில் நானே கரும்பலகையில் எழுதி, இத்தனை விழுக்காடு முதலீடு செய்தால் இத்தனை விழுக்காடு வளர்ச்சி வரும் என்று மாணவர்களைக் கணக்கிடச் செய்திருக்கிறேன். டோமர் அந்த மாதிரியை 1946-இல் எழுதியது வேலையின்மையும் வணிகச் சுழற்சியும் பற்றிய விவாதத்துக்காக. நீண்டகால வளர்ச்சிக்கு அது பொருந்தாது என்று 1957-இல் அவரே அதைக் கைவிட்டார். அதன் பிறகும் உலகெங்கும் திட்ட அலுவலகங்களில் அந்த வாய்பாடு உயிரோடிருந்தது. எந்தக் கேள்விக்காக, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்ற வரலாற்றைத் துறந்துவிட்டு வாய்பாட்டை மட்டும் கற்பித்தது என் குறையே. அதை இன்று வருத்தத்தோடு நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் பொருளாதாரத்தை ஒரு லட்சம் கோடி டாலர் அளவுக்கு உயர்த்துவது பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடிச் செய்திகள் வருகின்றன. ஒரு சாலையோ துறைமுகமோ இவ்வளவு வளர்ச்சியைத் தரும் என்று அவற்றில் எண் குறிப்பிடப்படும்போது, அந்த எண் எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது, அது ஒருமுறை ஏறும் படியா தொடரும் வளர்ச்சியா என்பதையும் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்று, நம் கல்லூரிகளின் பொருளியல், வரலாற்றுத் துறைகளுக்கு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இன் தொடக்கத்தில்; பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டில். கடற்கரை உப்பளங்களிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு போன வழியும் அதுவே. அன்றைய மாவட்டவாரியான உப்பு விலையும் தானிய விலையும் கூலியும் மாகாண அரசின் பதிவுகளில் இருக்கின்றன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்க ஆள்தான் வேண்டும். மதுரைச் சந்தையில் உப்பு விலை அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் எப்படி மாறியது, அதே ஆண்டுகளில் ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி சோளம் கிடைத்தது என்பதை ஒரு முதுகலை மாணவர் ஓராண்டு உழைத்து எழுதலாம். அப்படி எழுதப்படும் ஆய்வின் சுருக்கத்தைத் தங்கள் ஞாயிறு மலரில் வெளியிட இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்,
மதுரை.